மூன்றடிக்குள் ஒரு சவுக்கு

டிசம்பர் இருபத்துநாலாம் தேதி காலை பதினான்காம் எண் வீட்டில் இருந்தவர்கள்:

இஸ்ரவேல், வீட்டுத் தலைவர்.
சுகிர்தம், அவர் மனைவி.
பெர்சி, அவர்கள் மகள். வயது ஒன்பது, உயரம் நாலடி ஓரங்குலம்.
ஞானசிங், சுகிர்தத்தின் தம்பி.

வேறு யாரும் இல்லை. அந்த வீட்டில் நாலு பேருக்குத்தான் இடம். பெத்தேல் குடியிருப்பில் எல்லா வீடும் அப்படித்தான். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை, நாலு ஆள். காலோ கிளையோ உள்ள எதுவும் மூன்றடிக்கு மேல் போனால் ஆள். மூன்றடிக்குக் கீழே இருந்தால் சாமான். பீரோவின் நாலு கால்களையும் குடிவந்த அன்றே அறுத்துவிட்டார்கள்.

பெர்சி மூன்று வயதில் மூன்றடியைத் தாண்டினாள். அன்று சாயங்காலம் இஸ்ரவேலின் சித்தப்பா நாசரேத்துக்கு பஸ் ஏறினார். நாசரேத்தில் அவருக்கு யாரும் கிடையாது. போய்ச் சேர்ந்ததாகத் தகவலும் இல்லை.

இந்த வருடம் டிசம்பர் முதல் வாரத்தில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கிறிஸ்துமஸ் மரம் இருக்க வேண்டும். மரம் இல்லாத வீட்டில் கீத பவனி நிற்காது. கீத பவனி நிற்காத வீடு காலி வீடு. காலி வீட்டைப் புத்தாண்டுக்கு முன் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். கீழே செயலாளரின் கையெழுத்து. அதற்கும் கீழே, பண்டிகை வாழ்த்துகள்.

பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வரும் சபைக் கூட்டத்துக்குப் பாளையங்கோட்டையில் கீத பவனி என்று பெயர். பதினான்காம் எண் வீட்டுக்கு அது நாலு மணிக்கு வரும். ஒரு நிமிடம் முந்தாது, பிந்தாது. ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு அந்த வீட்டின் அட்டையைப் பார்த்துப் பெயர் வாசிப்பார்கள். பெயருக்கு உரியவர் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் டிக். சொல்லாவிட்டால் கோடு. கோடு போட்ட பெயர் அடுத்த அட்டையில் வராது.

"மூணடி," என்றார் இஸ்ரவேல். "மூணடிக்கு மேல ஒரு இலை நீட்டிக்கிட்டு நின்னாலும் அது ஆளு. தெரியும்லா?"

"தெரியும் அத்தான்."

"அஞ்சாவதா ஒரு ஆளு வந்தா?"

"ஒருத்தர் போணும்."

"யாரு போணும்னு நான் சொல்லல."

இஸ்ரவேல் நல்ல மனிதர். சொல்ல வேண்டாததை அவர் சொன்னதே இல்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்த ஞானசிங்கின் பாயை மட்டும் ஒரு தடவை பார்த்தார்.

ஹாலில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உள்ள மூலை ஞானசிங்குடையது. அவன் நூல்மில்லில் இரவு வேலை பார்த்தான். ஆறு வருடம் பார்த்தான். ஒருநாள் காலையில் வீட்டுக்கு வந்தவன் பிறகு போகவில்லை. ஏன் என்று கேட்டார்கள். தூக்கம் வருது என்றான். அதற்கு மேல் அவனிடம் காரணம் இல்லை. மற்றவர்கள் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவன் மூலையில் சாய்ந்து நிற்பான். நின்று நின்று சுவரில் அவன் தலை எண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது. தரையிலிருந்து சரியாக ஐந்தடி ஐந்தங்குலத்தில்.

அவனால் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு உபயோகம்தான். கதவு.

போன மழையில் கதவு இறங்கிவிட்டது. சாத்தலாம். பூட்ட முடியாது. அதற்கு முட்டியைக் கீழே கொடுக்க வேண்டும். கைப்பிடியைத் தூக்க வேண்டும். தோளை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். மூன்றையும் அந்த வரிசையில் செய்தால் பூட்டு விழும். இஸ்ரவேலுக்கு முட்டி வலி. சுகிர்தத்துக்கு உயரம் போதாது. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, இது கதவு இல்லை, பழக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். பூட்டாத வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தவர் மூன்றடிக்கு மேல் இருந்தால் ஆள். அதனால் பெத்தேல் குடியிருப்பில் யாரும் பகலிலும் கதவைப் பூட்டாமல் இருப்பதில்லை.

"இத வச்சுக்க," என்று சுகிர்தம் ஒரு கயிற்றைக் கொடுத்தாள். சரியாக மூன்றடி. நுனியில் முடிச்சு. "மரத்து உச்சியில பிடி. முடிச்சு தரையில கெடந்து இழுபட்டா வாங்கு. காத்துல ஆடுச்சுன்னா அந்த மரத்தத் தொடக்கூடச் செய்யாத. ஏல, கேக்கியா?"

"கேக்கேன்க்கா."

"நாலு மணிக்கு முன்ன வந்துரு."

"மாமா, நட்சத்திரம் குத்தணும். உச்சி இல்லாத மரமா வாங்கிட்டு வந்துராதீங்க," என்றாள் பெர்சி.

ஞானசிங் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். நீலக் கரை போட்ட துண்டு. மில்லில் கொடுத்தது.

இரண்டாம் மாடியில் மாசிலாமணி சார் சுவரில் தொங்கினார். அவர் பிப்ரவரியிலிருந்து நாள்காட்டியாக இருக்கிறார். தினமும் காலையில் அவர் மனைவி ஒரு தாள் கிழிப்பாள். பிப்ரவரியில் நல்ல கனமாக இருந்தார். இப்போது எட்டுத் தாள்தான் மிச்சம்.

"எங்கல போற?"

"மரம் எடுக்க, சார்."

"சின்னதாப் பாரு," என்றார் மாசிலாமணி சார். காற்றில் லேசாகப் படபடத்தார். "இன்னைக்குச் சின்னதுக்குத்தான் நாள் நல்லாருக்கு."

மரக்களம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. மேலே தகரக் கூரை. உள்ளே வரிசையாகப் பெஞ்சுகள். பெஞ்சுகளில் சவுக்கு மரங்கள் உட்கார்ந்திருந்தன. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருப்பவர்கள்போல, ஒன்றை ஒன்று பார்க்காமல் உட்கார்ந்திருந்தன. ஒன்று இருமியது. பக்கத்தில் இருந்தது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது.

வாசலில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் துரைப்பழம் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். மரம் கொடுப்பது அவர்தான். ஞானசிங்கிடம் ஒரு படிவத்தை நீட்டினார்.

முதல் கேள்வி, பெயர். எழுதினான்.

இரண்டாவது, மரம் நிற்கப்போகும் இடம். 'ஹால் மூலை. மரம் சின்னது என்பதால் பீரோ மேல்' என்று எழுதினான்.

"பீரோ மேலன்னு எழுதப்படாது," என்றார் துரைப்பழம். "மரம்னா தரையில நிக்கணும்." பேனாவை வாங்கி அந்த இரண்டு வார்த்தைகளையும் அடித்தார்.

மூன்றாவது, அந்த இடத்தில் இப்போது இருப்பது. 'நான்' என்று எழுதினான்.

நான்காவது, அது எதற்காக அங்கே இருக்கிறது, எப்படி, விளக்கமாக.

ஞானசிங் வெகுநேரம் யோசித்தான். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். தொண்டையைச் செருமினார்கள். 'கதவு பூட்ட' என்று எழுதினான். விளக்கமாக வேண்டுமே என்று முட்டி, கைப்பிடி, தோள் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் எழுதினான். எழுதி முடித்ததும் அவனுக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. தன்னைப் பற்றி அவ்வளவு தெளிவாக அவன் எங்கேயும் எழுதிக் கொடுத்ததில்லை.

"ஒரு நகல் மரத்தோட வரும்," என்றார் துரைப்பழம்.

"மரத்துக்கு எதுக்கு அண்ணாச்சி?"

"எங்க போறோம்னு அதுக்குத் தெரிய வேண்டாமாவே? மரத்தப் பாரும். பிடிச்சா வந்து சொல்லும். பொறவு சீல் வாங்கணும்."

ஞானசிங் பெஞ்சு பெஞ்சாகப் போனான். ஒவ்வொரு உச்சியிலும் கயிற்றைப் பிடித்தான். காற்றில் ஆடியது. மறுபடியும் காற்றில் ஆடியது. ஏழாவது வரிசையில் ஒரு குட்டை மரம் இருந்தது. அவன் கை நீட்டுமுன் ஹெல்மெட் போட்ட ஒருவர் அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. மணி பன்னிரண்டரை.

கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், ஒன்று தனியாக இருந்தது. கயிற்றைப் பிடித்தான். முடிச்சு தரையில் விழுந்து இரண்டு அங்குலம் இழுபட்டது. மறுபடியும் அளந்தான். இரண்டடி பத்தங்குலம். உச்சி நேராக இருந்தது. இலைகள் அடர்த்தியாக இருந்தன. அது அவனைப் பார்க்கவில்லை. மடியைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தது.

"இதான்," என்றான் ஞானசிங்.

"அப்பம் சீல் வாங்கிட்டு வாரும்," என்றார் துரைப்பழம், வாசலிலிருந்து. "சீல் அந்தக் கடைசியில."

"எவ்வளவு தூரம்?"

"கண்ணுக்குத் தெரியுதுலா. பக்கம்தான்."

இங்கேதான் ஞானசிங் அந்தக் காரியத்தைச் செய்தான். பின்னால் மூன்று பேர் குட்டை மரம் தேடிக்கொண்டிருந்தார்கள். இவன் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கூட்டமாக வரும் பஸ்ஸில் ஜன்னல் வழியாக எல்லோரும் செய்வதைத்தான் அவன் செய்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து மரத்தின் மேல் போட்டான்.

இடம் பிடித்தாயிற்று. மூன்று பேரும் துண்டைப் பார்த்தார்கள். மரியாதையாக விலகிப் போனார்கள்.

சீல் மேஜை நாற்பது அடி தள்ளி இருந்தது. அவன் நடந்தான். பாதி தூரம் போனதும் அது நாற்பது அடி தள்ளி இருந்தது. இன்னும் நடந்தான். இரண்டு பக்கமும் பெஞ்சுகள் கூடிக்கொண்டே வந்தன. உட்கார்ந்திருந்த மரங்களுக்கு வயது கூடிக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில் டீக்கடை இருந்தது. குடித்தான். ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகு மேஜை வந்தது.

மேஜையில் ஒரு அம்மாள் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பருக்கையாக எடுத்தாள். அவன் நின்றான். அவள் டப்பாவை மூடி, கை கழுவி, படிவத்தை வாங்கி, ஓங்கிக் குத்தினாள். 'இடம் காலி' என்று விழுந்தது.

"காலி இல்லம்மா," என்றான் ஞானசிங். "அங்க நான் இருக்கேன். மூணாவது கேள்வியில எழுதியிருக்கேன், பாருங்க."

"இங்கல்லா நிக்கீய," என்றாள் அந்த அம்மாள். "அங்க எப்பிடி இருப்பீய?"

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். அவள் கையெழுத்துப் போட்டு ஒரு நகலைக் கிழித்துக் கொடுத்தாள்.

திரும்பி வர மூன்று நிமிடம்தான் ஆயிற்று.

தூணுக்குப் பின்னால் மரம் நின்றுகொண்டிருந்தது. துண்டு அதன் தோளில் சரியாகக் கிடந்தது. ஞானசிங் எதிரே போய் நின்றான். உச்சி அவன் உச்சிக்கு நேராக இருந்தது. கயிற்றைப் பிடித்தான். முடிச்சு அதன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே காற்றில் ஆடியது.

"அண்ணாச்சி," என்று கத்தினான். "இது வளந்துட்டு!"

துரைப்பழம் வந்தார். மேலும் கீழும் பார்த்தார். "வளரல. முன்ன உக்காந்திருந்துச்சு. இப்பம் எந்திச்சிருக்கு."

"எனக்கு இது வேண்டாம். வேற பாத்துக்கிடுதேன்."

"துண்டு யாரோடது?"

"என்னோடது."

"துண்டு போட்டாச்சுன்னா போட்டாச்சுவே. பஸ்ல ஏறி அடுத்தவன் துண்ட எடுத்துக் கீழ போடுவீரா?"

"அது அடுத்தவன் துண்டு இல்ல அண்ணாச்சி. என் துண்டு."

"அதத்தான நானும் சொல்லுதேன். அது ஒம்ம துண்டு. துண்டு கெடக்க எடத்துல இருக்கது நீரு."

"அப்பம் இங்கன நிக்கது?"

துரைப்பழம் பதிவேட்டைப் புரட்டினார். விரலை வைத்துத் தேடினார். "கொண்டு போறவரு," என்றார். சொல்லிவிட்டு, படிவத்தின் நகலை நாலாக மடித்து மரத்தின் கிளைக்குள் செருகினார். சட்டைப் பை இருக்கும் உயரத்தில்.

களத்தின் ஓரத்தில் ரம்பக்காரர் ஒருவர் இருந்தார். ஞானசிங் மரத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனான்.

"மூணடிக்கு வெட்டித் தாங்கண்ணே."

"தாரேன். துண்டு போட்ட மரமா இருக்கே. துண்டுக்காரரும் கூடப் படுக்கணும்."

"எதுக்கு?"

"ரெண்டும் ஒரே அளவா வரணும்லா?"

மரம் வைக்கும் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை இருந்தது. ஓர் ஆள் நீளம். நடுவில் ரம்பம் பட்ட தடங்கள் நிறைய இருந்தன. ஞானசிங் அதைப் பார்த்தபடி நின்றான். மூன்றடிக்குக் கீழே போனால் சாமான். சாமானுக்கு வீட்டில் இடம் உண்டு, யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்றடியில் கைப்பிடி எட்டாது. கைப்பிடி எட்டாதவனை அந்த வீட்டில் எதற்கு வைத்துக்கொள்வார்கள்?

"வேண்டாம்ணே," என்றான்.

"நெறைய பேரு படுத்திருக்காவ," என்றார் ரம்பக்காரர். "ஒருத்தரும் குறை சொன்னதில்ல."

மணி இரண்டே முக்கால். மரத்தைப் போட்டுவிட்டுப் போகலாம். போனால் வீட்டில் மரம் இல்லை. மரம் இல்லாவிட்டால் கீத பவனி நிற்காது. நாலு பேரும் தெருவில் நிற்பார்கள். தூக்கிக்கொண்டு போனால் ஒருவர் மட்டும். ஞானசிங்குக்குக் கணக்கு சரியாக வராது. ஆனாலும் இந்தக் கணக்கு அவனுக்குப் புரிந்தது. தூக்கினான்.

பஸ்ஸில் கூட்டம். ஒரு இடம் காலியாக இருந்தது. துண்டு கிடந்ததால் மரத்துக்கு அதைக் கொடுத்தார்கள். ஞானசிங் கம்பியைப் பிடித்து நின்றான். கண்டக்டர் மரத்துக்கு ஆள் டிக்கெட் கிழித்தார். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

"தம்பி, அவரு மேல இடிக்காம நில்லுங்க," என்றாள் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்.

"மன்னிச்சுக்கிடுங்க," என்றான். அவளிடம் சொன்னானா, மரத்திடம் சொன்னானா என்று அவனுக்கே தெளிவில்லை.

குடியிருப்பில் படிகள் கூடியிருந்தன. ஏறினான். இரண்டாம் மாடியில் மாசிலாமணி சாரின் மனைவி கதவோரம் நின்றாள்.

"என்ன ஞானசிங், இவ்ளோ நேரமா?" என்று மரத்தைக் கேட்டாள். பிறகு அவனைப் பார்த்தாள். "கூட யாரு?"

மாசிலாமணி சார் சுவரில் ஒரு தடவை படபடத்து நின்றார். அவர் அன்றைய தாளைத் தாண்டிப் பேசுகிறவர் இல்லை.

மூன்று நாற்பதுக்கு, காலையிலிருந்து பூட்டாத கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்த இஸ்ரவேல் எழுந்து திறந்தார். முதலில் துண்டைப் பார்த்தார். பிறகு உச்சியைப் பார்த்தார். பிறகு ஞானசிங்கைப் பார்த்தார்.

"மூணடின்னுதான சொன்னேன்?"

"உக்காந்திருந்துச்சு அத்தான். அளக்கும்போது உக்காந்திருந்துச்சு."

சுகிர்தம் கயிற்றை வாங்கி அளந்தாள். முடிச்சு காற்றில் ஆடியது. அவள் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். முடிச்சு ஆடி நின்றது.

"அஞ்சு பேரு," என்றாள் பெர்சி. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

"நீ சும்மா கெட," என்றாள் சுகிர்தம்.

"கட்டில் அடியில போடலாமா?" என்றான் ஞானசிங்.

"படுத்திருந்தா ஆளு இல்லியா?" என்றார் இஸ்ரவேல். "அடுத்த வீட்டு ஆச்சி கடைசி ரெண்டு வருசம் படுத்துதான் கெடந்தா. அட்டையில பேரு இருந்துச்சுலா."

கீழே டிரம் சத்தம் கேட்டது. முதல் மாடிக்கு வந்துவிட்டார்கள்.

"இப்பத்திக்கு மூலையில நிக்கட்டும்," என்றாள் சுகிர்தம். "ஏல, ஒன் பாய எடு."

மூலையில் நிறுத்தினார்கள். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அது ஒரு இலைகூட மடங்காமல் பொருந்தியது. உச்சி சுவரில் இருந்த எண்ணெய் வட்டத்தின் நடுவில் போய்ச் சாய்ந்தது. இஸ்ரவேல் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. கவலை இறங்கியதா, வேறு ஏதாவதா என்று ஞானசிங்குக்குத் தெரியவில்லை.

"நீ பாத்ரூம்ல இரு," என்றார். "அவங்க போனதும் வா. பொறவு பேசிக்கிடலாம்."

"என் பேரு வாசிப்பாவளே அத்தான்?"

"அக்கா பாத்துக்கிடுவா."

சுகிர்தம் அவனைப் பார்க்கவில்லை. மரத்தின் தோளில் துண்டைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

ஞானசிங் குளியலறைக்குள் போனான். பாயையும் கொண்டு போனான். வாளி, கப்பு, ஒரு சோப்பு, அவன். கதவுக்கு வெளியே நாலு மணி ஆயிற்று. டிரம் வாசலில் வந்து நின்றது. பாட்டுப் பாடினார்கள். பெர்சியின் குரல் அதில் தனியாகக் கேட்டது. ஜெபம் செய்தார்கள். இந்தச் சிறிய வீட்டில் இடம் கொடுத்ததற்காக நன்றி சொன்னார்கள். பிறகு கோயில்குட்டியார் அட்டையைப் பிரித்தார். சபையில் மணி அடிப்பதும் பெயர் வாசிப்பதும் அவர் வேலை. இரண்டையும் ஒரே குரலில் செய்வார்.

"இஸ்ரவேல்?"

"இருக்கேன்."

"சுகிர்தம்?"

"இருக்கேன்."

"பெர்சி?"

"இருக்கேன் ஐயா!"

"ஞானசிங்?"

ஞானசிங் வாயைத் திறந்தான். சொன்னால் ஆள் ஐந்து. ஐந்தில் அட்டையில் இல்லாதது மரம். அதை வெளியே தூக்கிப் போடுவார்கள். பிறகு வீட்டில் மரம் இருக்காது. சொல்லாவிட்டால் கோடு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"ஞானசிங்?"

"இருக்கான்," என்றாள் சுகிர்தம்.

"அவன்தான்மா சொல்லணும்."

ஹாலில் மின்விசிறி நின்றிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. அப்போது மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கடற்கரைத் தோப்பில் காற்று நுழைவதுபோல நீளமாக வந்தது. அதில் சொல் இருந்ததா என்று ஞானசிங்குக்குப் பிடிபடவில்லை. குட்டியாருக்குப் பிடிபட்டது. பென்சில் உரசும் சத்தம் கேட்டது. டிக் சத்தம்தான். கோடு இன்னும் நீளமாகக் கேட்கும்.

"சரி. மரம் எங்க?" இது சங்கச் செயலாளரின் குரல்.

"அதுதான் நிக்குதே," என்றார் இஸ்ரவேல்.

"அது ஞானசிங்லா?"

"மரமும் அதுதான் சார்."

செயலாளர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ரெண்டு வேலைக்கும் ஒண்ணு. நல்லதாப் போச்சு, எடம் மிச்சம்," என்றார். "மத்த வீட்டுக்காரங்களுக்கும் சொல்லணும்."

ஞானசிங்கின் கால் வாளியில் பட்டது. பெரிய சத்தம் இல்லை. ஆனால் பெத்தேல் குடியிருப்பில் எல்லோருக்கும் ஆள் சத்தம் தெரியும்.

"உள்ள யாரு?"

ஞானசிங் இஸ்ரவேலின் குரலுக்குக் காத்திருந்தான். வந்தது அக்காவின் குரல்.

"மரம் கொண்டு வந்தவரு. கை கழுவுதாரு."

அவன் வெளியே வந்தான். எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள். கையில் சவுக்கு இலை ஒட்டியிருந்தது. அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

"கழுவியாச்சுன்னா கெளம்புங்க," என்றார் செயலாளர். "இது நாலு பேர் வீடு."

சுகிர்தம் சமையலறைக்குப் போனாள். ஒரு துண்டு கேக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ரொம்பத் தூரம் சொமந்துட்டு வந்திருக்கீங்க," என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் அவனை 'ஏல' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அவனுக்கு டைபாய்டு வந்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"எக்கா," என்றான்.

"படி பாத்து எறங்குங்க. மூணாவது படி ஒடஞ்சிருக்கும்."

மூன்றாவது படி உடைந்திருப்பது அவனுக்குத் தெரியும். அவள் அதைச் சொன்னபோது குரல் ஒரு இடத்தில் தட்டியது. அவ்வளவுதான். காகிதத்தை அவன் கையில் திணித்துவிட்டு முந்தானையில் கை துடைத்துக்கொண்டாள்.

பெர்சி ஸ்டூலில் ஏறி நின்று கையில் நட்சத்திரத்தை வைத்திருந்தாள். "மாமா, குனிங்க," என்றாள். ஞானசிங் பழக்கத்தில் தலை குனிந்தான். மூலையில் மரமும் குனிந்தது. பெர்சி அதன் உச்சியில் நட்சத்திரத்தைக் குத்தினாள்.

கீத பவனி வாசலை விட்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அவர்களோடு அவனும் வெளியே வந்தான். கூட்டம் விலகியதும் அவன் மட்டும் வாசலில் நின்றான். அக்குளில் பாய், கையில் கேக்.

உள்ளே இஸ்ரவேல் கதவைச் சாத்தினார்.

ஞானசிங் படியில் உட்கார்ந்தான். அவனுக்குப் பயம் இல்லை. சாத்தலாம், பூட்ட முடியாது. பகலில் முதுகைக் கொடுத்து உட்காரலாம், ராத்திரி முழுக்க அவர்களால் முடியாது. கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் உள்ளே போக வேண்டும். உள்ளே போனால்தான் உள்ளிருந்து பூட்ட முடியும். உள்ளிருந்து பூட்டியவன் உள்ளேதான் இருப்பான். இதை அவன் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தான்.

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. விழவில்லை. மறுபடியும் திருப்பினார். விழவில்லை. இஸ்ரவேல் கதவில் ஒரு உதை விட்டார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"சுகிர்தம், இது விழ மாட்டேங்கு."

"தள்ளுங்க, நான் பாக்கேன்." அவள் பார்த்தாள். கைப்பிடி கால் அங்குலம் உயர்ந்து இறங்கியது. "இதுக்கு மேல எனக்கு எட்டல."

"பூட்டாம இருந்தா யாராவது வந்துருவாவ."

"தெரியும்."

ஞானசிங் படியில் இருந்தபடியே கதவுப் பக்கம் திரும்பினான்.

"ஏல ஞானசிங்," என்றாள் சுகிர்தம் உள்ளிருந்து. "இங்க வா. இந்தக் கதவக் கொஞ்சம் பாரு."

ஏல என்றாள். அவன் எழுந்தான். கேக்கைப் படியில் வைத்தான். பாயைச் சுவரில் சாய்த்தான். "வந்துட்டேன்க்கா," என்றான். கையைக் கைப்பிடிக்கு நீட்டினான்.

உள்ளே மூலையிலிருந்து ஏதோ தரையை உரசிக்கொண்டு கிளம்பியது. மூலையிலிருந்து கதவுக்கு ஏழு காலடி. எத்தனையோ தடவை நடந்த தூரம். அவன் எண்ணினான். ஏழாவதில் நின்றது.

கதவின் கீழ்ப்பக்கம் ஒரு முட்டி அழுந்தியது. கைப்பிடி அவன் உள்ளங்கைக்குள் மேலே போயிற்று. கதவு இடப்பக்கம் சாய்ந்தது.

பூட்டு விழுந்தது.